கருவிக்கு எழுதும் குறிப்பு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சற்று முன் நம் காலனிக் குழந்தைகளின் பாட்டுப் பதிவைக் கேட்டீர்கள். இடையே முதிய குரல் ஒன்று தாலாட்டுப் பாடியது. அக்குரலின் பின்னே மின்விசிறியின் இரைச்சல் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அதே தாலாட்டுக்கு இரைச்சல் இல்லாத நல்ல பதிவு ஒன்று நம்மிடம் இருந்தது. அதை இழந்தோம். நான் எழுதிய இரண்டு வரிகளால் இழந்தோம். அவ்விரண்டு வரிகளைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

இக்காலத்தில் பாட்டுப் பதிவைக் கணிப்பொறியில் ஒழுங்கு செய்கிறார்கள். ஒவ்வொரு குரலும், தம்புராவும், மிருதங்கமும் தனித்தனி டிராக்காக இருக்கும். முன்பெல்லாம் நாமே ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். இப்போது, “தம்புராவைச் சற்றுக் குறை” என்று சொன்னாலே செயற்கை அறிவு கொண்ட ஏஜெண்ட் ஒன்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் அது தானாக மென்பொருளைத் தொடுவதில்லை. நாம் அதற்குச் சில கருவிகளைத் தருகிறோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், கொடுக்க வேண்டிய எண்களின் பட்டியல், அவ்வளவே. இதற்கு ஒரு பொது முறையை ஆந்திராபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால்’ என்ற பெயரில் வெளியிட்டது. ஏஜெண்ட் அந்த விளக்கத்தைப் படிக்கிறது. எந்தக் கருவி தகும் என்று தேர்கிறது. எண்களை நிரப்பி ஏவுகிறது. நாம் காணும் திரையை அது காண்பதில்லை. அந்தச் சில வரிகளே அதற்குக் கண்.

நாங்கள் தில்லிக்கு வந்த புதிதில் என் மாமியார் சமையல் குறிப்பைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார். “புளி எலுமிச்சை அளவு, உப்பு தேவையான அளவு” என்றிருக்கும். ஊர் எலுமிச்சையா, இந்த ஊர் எலுமிச்சையா என்று என் மனைவி திகைப்பாள். பக்கத்தில் நின்று பழகியவருக்கு அந்தக் குறிப்புப் போதும். தொலைவில் இருப்பவருக்குப் போதாது. ஏஜெண்டோ எவர் அடுப்படியிலும் நின்று பழகாதது.

நிகழ்ந்ததைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு மார்கழியில் அந்த அம்மையாரின் தாலாட்டை நன்றாகப் பதிவு செய்தோம். மூன்றாம் டிராக்கில் பயனற்ற ஒத்திகை ஒன்று இருந்தது, நான்காவதில் தாலாட்டு. “மூன்றாம் டிராக்கை நீக்கு” என்றேன். திரையில் 1, 2, 3 என்று தெரியும் டிராக்குகளை நிரல் 0, 1, 2 என்று எண்ணுகிறது. என் விளக்கத்தில் “கொடுத்த எண்ணுள்ள டிராக்கை நீக்கும்” என்று மட்டுமே இருந்தது. ஏஜெண்ட் 3 என்று கொடுத்தது. தாலாட்டு போயிற்று.

அப்போதும் ஒலிக்கோப்பு வட்டில் பத்திரமாகவே இருந்தது. டிராக்கை நீக்கினால் கோப்பு அழிவதில்லை. ஆனால் அன்றிரவே, “எல்லாவற்றையும் சீர்செய்து வை” என்றும் சொல்லிவிட்டேன். “பயன்படாத கோப்புகளை ஒழுங்கு செய்யும்” என்று நான் எழுதியிருந்த கருவி, உண்மையில் அவற்றை மீட்க முடியாதபடி அழிப்பது. அழிப்பதை ஒழுங்கு என்று எழுதினேன். சொல் அழகாக இருந்தது போலும்! நள்ளிரவாகிவிட்டதால் பாட்டை ஒருமுறை கேட்டுப் பார்க்கவும் இல்லை.

பங்குனியில் அம்மையார் மறைந்தார். குடும்பத்தார் அக்குரலைக் கேட்க விரும்பி வந்தபோதுதான் இழப்பை அறிந்தேன். முந்திய ஆவணியில், ஒத்திகையின்போது, பேத்தி கைப்பேசியில் பிடித்து வைத்ததே இன்று நீங்கள் கேட்டது.

பிறகு என் விளக்கங்கள் அனைத்தையும் எடுத்துப் படித்தேன். எங்கும் இதே குறை. ஒலியளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏபில்டன் லைவ் என்னும் மென்பொருளில் ஒலியளவை நிரல் வழியே குறிக்கும் எண் 0 முதல் 1 வரை. திரையில் 0 டெசிபல் என்று காண்பது உள்ளே 0.85. இதை எழுதி வைக்காவிட்டால், “3 டெசிபல் குறை” என்றதும் ஏஜெண்ட் எந்த எண்ணைக் கொடுக்கும்?

சுருதியிலோ இன்னும் வேடிக்கை. 1983இல் வந்த மிடி முறையில் 60 என்பது நடு ‘சி’ ஸ்வரம். அதைச் சில நிறுவனங்கள் சி3 என்பர். வேறு சில சி4 என்பர். ஒரே பெயர் ஒரு ஸ்தாயி தள்ளிப் போய்விடும். நம் பாடகர்கள் கேட்பதோ கட்டைக் கணக்கு. ஒரு கட்டை ‘சி’; ஐந்து கட்டை ‘ஜி’; ஐந்தரை என்றால் ‘ஜி ஷார்ப்’. ஆதலின், “ஸ்வரத்தைப் பெயரால் தராதே, எண்ணால் தருக, 60 என்பது நடு சி” என்று எழுதி, கட்டைப் பட்டியலையும் சேர்த்தேன்.

நீக்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் இப்போது எழுதியிருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: “ஒரு டிராக்கை, அதிலுள்ள அனைத்தோடும் நீக்கும். எண் 0இலிருந்து தொடங்கும். திரையில் 3 என்றால் இங்கே 2. எண்ணோடு டிராக்கின் பெயரையும் தருக. இரண்டும் பொருந்தாவிட்டால் நீக்காது. அவ்வெண்ணில் உள்ள பெயரைத் திருப்பிச் சொல்லும். ஒலியை நிறுத்த மட்டும் வேண்டுமாயின் இதை ஏவாதே. அடக்கும் கருவியை ஏவுக.” கோப்பு அழிக்கும் கருவிக்கு, “நிரந்தரமாக அழிக்கும்” என்பதே முதற்சொல். அதோடு விடவில்லை. எழுத்தை மட்டும் காவலுக்கு வைப்பது போதாது என்று கண்டதால், மனிதர் ஒருவர் ‘சரி’ என்று அழுத்தினாலன்றி அது இயங்காதபடி நிரலையே மாற்றிவிட்டேன்.

ஒவ்வொரு விளக்கத்தையும் என் மனைவியிடம் படித்துக் காட்டுகிறேன். அவளுக்கு இந்த மென்பொருள் தெரியாது. “இதை ஏவினால் என்ன நடக்கும்?” என்று கேட்பேன். முதல் நாளே, “எங்கிருந்து எண்ணுவது?” என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வியை மார்கழியில் எவரேனும் கேட்டிருக்கலாம்!

நம் இளைஞர்கள் பலர் இத்தொழிலில் இருக்கிறீர்கள். என் விளக்கங்களின் படி சங்க நூலகத்தில் இருக்கிறது. எடுத்துப் படித்து, ஐயம் எழும் இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். இன்றைய விழாப் பதிவைத் தொடுமுன் இரண்டு படிகள் எடுத்தாயிற்று. ஒன்று அந்த அம்மையாரின் வீட்டில் இருக்கிறது.