ஆற்றலும் அதைத் தாங்கும் வலிமையும்



ஆற்றலைப் பெறுவது எளிது. பெற்ற ஆற்றலைத் தாங்குவதே அரிது. இவ்வுண்மையை விளக்க, ‘டிராக்’ பந்தய வண்டியொன்று கட்டப்படும் முறையை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

டிராக் பந்தயத்தில் இரு வண்டிகள் அருகருகே அசையாது நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்ப்பாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரம் பாயும். வளைவும் இல்லை, திருப்பமும் இல்லை. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இவ்வண்டிக்குப் பலரும் நாடும் எஞ்சின், ஜப்பானிய டொயோட்டா நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘2ஜேஇசட்-ஜிடிஇ’ என்பது. கொள்ளளவு ஏறக்குறைய மூன்று லிட்டர். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முன் மூன்று பிஸ்டன்களின் இயக்கத்தைப் பின் மூன்றும் கண்ணாடி நிழல்போல் ஒத்திருப்பதால், ஒன்றின் அதிர்வை மற்றொன்று ஈடு செய்துவிடுகிறது. வளைதண்டை ஏழு தாங்கிகள் ஏந்துகின்றன. எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு. கனமானதுதான், எனினும் அக்கனமே இங்கே காப்பாகிறது.

வெளிநாடுகளுக்கு அனுப்பிய சுப்ரா கார்களில் இது ஏறத்தாழ 320 குதிரைத் திறன் அளித்தது. பந்தயத்திற்கெனத் திருத்தி அமைப்போர் இதிலிருந்தே ஆயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைத் திறனைப் பெறுகின்றனர். இஃது எவ்வாறு இயலும்?

விடை, காற்று. எரிபொருளை மிகுதியாக ஊற்றுவது எளிது. அதனை எரிக்கப் போதிய காற்று வேண்டுமன்றோ? வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதே டர்போசார்ஜர். 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்று இக்கருத்திற்கு வித்திட்டவர், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூகி. தொழிற்சாலை பொருத்திய இரு சிறு டர்போக்களை அகற்றிவிட்டுப் பெரிய டர்போ ஒன்றைப் பந்தயக்காரர் பொருத்துகின்றனர்.

இங்கேதான் தொல்லைகள் தொடங்குகின்றன. மிதிவண்டிக்குக் காற்றடித்தவர்கள், பம்பின் அடிப்புறம் சுடுவதை அறிவார்கள். அழுத்தப்பட்ட காற்று சூடேறும். வெப்பம் மிகுந்தால், தீச்சுடர் வந்து சேருமுன்னரே எரிகலவை தானாக வெடித்துப் பிஸ்டனைச் சிதைத்துவிடும். ஆதலால் காற்றைக் குளிர்விக்க ‘இன்டர்கூலர்’ எனும் கலத்தை இடையில் வைக்கின்றனர். பெட்ரோலுக்குப் பதில் மெத்தனாலைப் பயன்படுத்துவோரும் உண்டு. அது ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

அடுத்தது உலோகம். பிஸ்டனையும் வளைதண்டையும் இணைக்கும் தண்டுகளை, அடித்து உருவாக்கிய உறுதியான எஃகினால் அமைக்க வேண்டும். தண்டு வலுத்தால் பற்சக்கரப் பெட்டி முறியும். அதனை வலுப்படுத்தினால் அச்சு முறியும். அச்சும் தாங்கினால் டயர் பிடிமானமின்றி வீணே சுழலும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே.

எல்லாவற்றினும் மெலிந்த கண்ணி, உள்ளே அமர்ந்திருக்கும் மனிதன். 1970ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், கலிபோர்னியாவின் லயன்ஸ் களத்தில், புகழ்பெற்ற ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் வண்டியில் பற்சக்கரப் பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அவருடையது எட்டு சிலிண்டர் வண்டி. பாடமோ அனைவர்க்கும் பொது. அவர் மனம் தளரவில்லை. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் புதிய வண்டி ஒன்றைக் கட்டினார். 1971ஆம் ஆண்டில் அதிலேயே வெற்றியும் கண்டார். அவ்வகை வண்டிகளில் அவ்வமைப்பே பின்னர் வழக்கமாயிற்று.

ஆகவே, நாளைய பொறியாளர்களே, எந்த இயந்திரத்தைக் கண்டாலும் ‘இதன் ஆற்றல் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். ‘அதனைத் தாங்குவது எது? தாங்காவிடில் துன்புறுவது யார்?’ என்றும் கேளுங்கள். அவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே வண்டியை ஓடவிடுவது பொறியியலாளனுக்கு அழகு.