உப்புக் கல்லில் மூலக்கூறு எங்கே?

(ஆரோவில்லில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செறிபொருள் இயற்பியல் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். அணுக்கள் கோடிக்கணக்கில் நெருங்கிச் சேர்ந்து திண்மமாகவோ நீர்மமாகவோ இருக்கும்போது என்ன நடக்கிறது என்று ஆராயும் துறை அது. பெயர் பெரிதாக இருக்கிறதே, இது ஆராய்ச்சி நிறுவனங்களின் வேலையாயிற்றே, எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு விடையாக ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கல் உப்பை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சோடியம் குளோரைடு மூலக்கூறு எங்கே இருக்கிறது?

இந்த இடத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கழுவெளியைக் கடந்ததும் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். நாம் பாடநூலில் ஆவியாதல், தெவிட்டிய கரைசல், படிகமாதல் என்று மூன்று தலைப்புகளில் நடத்துவதெல்லாம் அங்கே வெயிலில் ஒரே தொடராக நடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சுமார் 27 கிராம் சோடியம் குளோரைடு. அறை வெப்பநிலையில் 100 மில்லி லிட்டர் நீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆகவே கடல்நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் உப்புப் படியத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும் படிந்துவிடும். கடைசியில் மக்னீசியம் உப்புகள் நிறைந்த கசப்பு நீர் மிஞ்சும். அதை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் உப்பு கசக்கும். மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நசநசத்துப் போகும்.

இவற்றையெல்லாம் அளத்தில் வேலை செய்பவர்கள் அறிவார்கள். எந்தப் பாத்தியில் நீர் எந்தப் பதத்தில் இருக்கிறது, எப்போது வார வேண்டும், எதை வடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். அவர்களுடைய பிள்ளைகள்தான் நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் கேள்விக்கு வருவோம்.

கல் உப்பை ஒரு கத்தி முனையால் மெல்லத் தட்டி உடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தட்டையான முகங்களோடும் செங்கோணங்களோடும்தான் உடையும். உடைந்த துண்டை மீண்டும் உடைத்தாலும் அப்படியே. உள்ளே ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று அந்த முகங்கள் சொல்கின்றன. அது எத்தகைய ஒழுங்கு என்பதை 1913ஆம் ஆண்டு லாரன்ஸ் பிராக் என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 23. இரண்டு ஆண்டுகளில் தந்தையோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

அவர் கண்டது இதுதான். ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மூன்று திசைகளிலும் அடுக்கியது போன்ற அமைப்பு. அடுத்தடுத்த அயனிகளின் மையங்களுக்கு இடையே 0.282 நானோமீட்டர். இந்த ஆறு குளோரைடில் எது அந்தச் சோடியத்தின் இணை? எதுவும் இல்லை. ஆறும் சம தூரத்தில், சம உரிமையோடு நிற்கின்றன. உப்புப் படிகத்தில் மூலக்கூறு என்று தனியே பிரித்துச் சுட்ட ஒன்று கிடையாது. முழுப் படிகமும் ஒரே குடும்பம்.

வேதியியலாளர்களில் சிலரால் இதை ஏற்க முடியவில்லை. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கிலேய வேதியியலாளர், பிராக்கின் முடிவு வந்து 14 ஆண்டுகள் கழித்து, 1927இல், நேச்சர் இதழில் இந்தச் சதுரங்கப் பலகைக் கருத்தைக் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். அனுபவமுள்ள ஓர் அறிஞருக்கே மூலக்கூறு என்ற சொல்லை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்றால், நம் மாணவர்கள் ‘உப்பு மூலக்கூறு’ என்று எழுதுவதில் வியப்பில்லை. கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலாண்டு மாணவர்களிடம் உப்பின் உள்ளமைப்பை வரையச் சொன்னால் பலர் இரண்டிரண்டு வட்டங்களாக ஒட்டவைத்துத்தான் வரைவார்கள். வாய்பாட்டு அலகு என்ற சொல்லைப் பாடநூல் தருகிறது. அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதைத்தான் நாம் வகுப்பில் காட்ட வேண்டும்.

எண்ணிப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள உப்புக் கட்டியின் ஒரு விளிம்பில் எத்தனை அயனிகள் வரிசையாக நிற்கும்? ஒரு மில்லிமீட்டரை 0.282 நானோமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 35 லட்சம். அதன் முப்படி, 4க்குப் பின்னால் 19 சுழியங்கள் கொண்ட எண்ணுக்கும் சற்று அதிகம். இதே எண்ணை அடர்த்தி, வாய்பாட்டு நிறை, அவகாட்ரோ எண் ஆகியவற்றிலிருந்தும் பத்தாம் வகுப்பு மாணவர் வருவிக்கலாம். இரு வழிகளும் ஒரே இடத்தில் சந்திப்பதைக் காண்பது ஒரு நல்ல வகுப்பு.

இது வரை சோதனை. இனிக் கோட்பாடு. ஒரு சோடியமும் ஒரு குளோரைடும் தனி இணையாக நின்றால் அவற்றின் ஈர்ப்பு ஆற்றலை 1 என்று வையுங்கள். அதே இடைவெளியில் மாறி மாறி நிற்கும் முடிவில்லாத ஒற்றை வரிசையில் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக்காரர் இழுப்பார், அடுத்தவர் தள்ளுவார், அதற்கடுத்தவர் இழுப்பார். 1 – 1/2 + 1/3 – 1/4 என்று போகும் தொடரின் இரு மடங்கு, விடை 1.386. மேல்நிலை வகுப்பில் மடக்கை தெரிந்த மாணவருக்கு இது எளிது. முப்பரிமாணப் படிகத்துக்கு இதே கணக்கைச் செய்தால் 1.748 வருகிறது. ஜெர்மானியர் எர்வின் மாடெலுங் 1918இல் இதற்கு வழி கண்டார். இருவராக இருந்தபோது கிடைக்காத பிணைப்பு, கூட்டமாக நின்றபோது கிடைக்கிறது. உப்பு 801 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் இருப்பதற்கு இந்தக் கூட்டுப் பிணைப்பே காரணம். உருக்கி, மேலும் சூடாக்கி ஆவியாக்கினால்தான் சோடியமும் குளோரினும் இணை இணையாகப் பிரிந்து பறக்கும். அங்கே மூலக்கூறு உண்டு. உங்கள் சமையலறை டப்பாவில் இல்லை.

ஆரோவில்லுக்கு வந்தவர்கள் மாத்ரி மந்திரின் உள்ளறையில் உள்ள கோளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 70 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. பேச்சு வழக்கில் அதைக் ‘கிரிஸ்டல்’ என்கிறார்கள். இயற்பியல்படி அது படிகம் அல்ல, மிகத் தூய கண்ணாடி. கண்ணாடியில் அணுக்கள் நெருங்கித்தான் இருக்கின்றன. ஆனால் உப்பில் உள்ள நீண்ட ஒழுங்கு இல்லை. அதனால்தான் உடைந்த கண்ணாடிச் சில்லு வளைந்த முகம் காட்டுகிறது, உடைந்த உப்பு தட்டை முகம் காட்டுகிறது. ஒழுங்கில்லாத கண்ணாடி எப்படித் திண்மமாக நிற்கிறது என்பது இன்றும் இத்துறையின் தீராத கேள்விகளில் ஒன்று.

மூலக்கூறு உள்ள படிகமும் உண்டு. துணி அலமாரியில் போடும் அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் அப்படிப்பட்டது. அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மிக மென்மையாகவே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் தனித்தனியே கழன்று காற்றில் கலக்கின்றன, நமக்கு மணக்கிறது. அந்தத் தட்டையான மூலக்கூறுகள் படிகத்துக்குள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன? இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் நம் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன்.

ராமன் விளைவின் கண்டுபிடிப்பில் சர் சி.வி.ராமனோடு உழைத்தவர் என்றே அவரை நாம் அறிமுகம் செய்கிறோம். அவர் தனித்து நின்று செய்த பணி அதன் பிறகு வந்தது. 1928இல் டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், சிறு படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் வைத்தார். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாகத் திருகினார். ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்திலிருந்து, படிகத்தின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார். அதிலிருந்து மூலக்கூறுகளின் சாய்வை வருவித்தார். ஓர் இழை, ஒரு காந்தம், கூர்மையான சிந்தனை, இவ்வளவுதான் முதல். லண்டனில் எக்ஸ் கதிர் ஆய்வில் பெயர் பெற்றிருந்த கேத்லீன் லான்ஸ்டேலும் அவரும் 1936இல் இணைந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1940இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். சுதந்திரம் பெற்ற ஆண்டில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

யார் யாருக்கு இணை என்ற கேள்வி அதோடு முடியவில்லை. 1911இல் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தை 4 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை மறைந்துபோனதைக் கண்டார். அதுதான் மீக்கடத்துத் திறன். தனி எலக்ட்ரான் எதற்கும் அந்தத் திறன் இல்லை. கோடானுகோடி எலக்ட்ரான்கள் இணை சேர்ந்து ஒரே நடையில் நடப்பதால் வருவது. 1986இல் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் தாமிர ஆக்சைடு சேர்மம் ஒன்றில், எதிர்பார்த்ததைவிட உயர்ந்த வெப்பநிலையில் அதைக் கண்டபோது இயற்பியல் உலகமே பரபரத்தது. மறு ஆண்டே அதற்குக் கோட்பாடு முன்வைத்தவர்களில் ஒருவர் தமிழகத்தின் ஜி.பாஸ்கரன். பிலிப் ஆண்டர்சனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின்படி, எலக்ட்ரான்கள் இணைகளாக நிற்கின்றன. ஆனால் எந்த இணையும் நிலையானதல்ல, அவை துணையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பின்னர் அவர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்தார். இந்தப் பொருள்களின் மீக்கடத்துத் திறனுக்கு எல்லோரும் ஏற்கும் முழு விளக்கம் இன்னும் எட்டப்படவில்லை. இதே கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் வடக்கே உள்ள கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், மீக்கடத்திகளைக் கொண்டு மூளையின் நுண்ணிய காந்தப் புலத்தை அளக்கும் கருவிகள்வரை உருவாக்கியிருக்கிறார்கள்.

ஒன்றாகச் சேரும்போது, தனித்தனியே இல்லாத புதிய பண்பு பிறக்கிறது. இந்தத் துறையிலிருந்து நம் வகுப்புக்கு வர வேண்டிய கருத்து இது. வர வேண்டுமானால் மாணவர் கையால் செய்ய வேண்டும். செலவில்லாத மூன்று செயல்பாடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தெவிட்டிய உப்புக் கரைசலை அகலமான இரண்டு தட்டுகளில் ஊற்றுங்கள். ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை அசைவில்லாத நிழலிலும் வையுங்கள். உருவாகும் படிகங்களின் அளவைக் கைலென்ஸ் கொண்டு ஒப்பிடச் சொல்லுங்கள். நீரின் மேற்பரப்பில் மிதந்து வளரும் படிகங்கள் நடுவில் படிப்படியாகக் குழிந்து, சதுரப் புனல் போல இருக்கும். மையத்தைவிட விளிம்புகளுக்கும் மூலைகளுக்கும் அயனிகள் எளிதாக வந்து சேர்வதே காரணம்.

இரண்டாவது, ஒரு பழைய சி.டி. தட்டின் மேல் சிவப்பு லேசர் ஒளியைச் செங்குத்தாக விழச் செய்யுங்கள். ஒரு மீட்டர் தொலைவில் உள்ள அட்டையில், நடுப்புள்ளியிலிருந்து சுமார் 44 சென்டிமீட்டர் தள்ளி அடுத்த புள்ளி விழும். அதிலிருந்து தட்டின் வரிகளுக்கு இடையே உள்ள 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியைக் கணக்கிடலாம். கண்ணால் காண முடியாத இடைவெளியை ஒளியால் அளப்பதுதான் பிராக் செய்தது. லேசர் ஆசிரியரின் கையில் மட்டுமே இருக்கட்டும். நேரடி ஒளியோ, தட்டில் பட்டுத் திரும்பும் ஒளியோ எவர் கண்ணிலும் படக் கூடாது.

மூன்றாவது, கிருஷ்ணனின் வழி. எழுதுபென்சிலில் போடும் மெல்லிய கிராஃபைட் குச்சி ஒன்றை நூலில் கிடைமட்டமாகத் தொங்கவிட்டு, வலிமையான நியோடிமியம் காந்தத்தை அருகே கொண்டு செல்லுங்கள். குச்சி மெல்ல விலகும். காந்தம் தள்ளவும் செய்யும் என்று அன்றுதான் பல மாணவர்கள் முதன்முதலில் பார்ப்பார்கள்.

இதைச் செய்யும்போது ஒன்றை மறக்க வேண்டாம். உப்பளத்திலிருந்து வரும் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டில் எந்தப் பதத்தில் உப்பு வாருகிறார்கள், காற்று அடித்தால் உப்பு எப்படி மாறும், கடைசி நீரை ஏன் வடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை சொல்வதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் பிறகு பாடநூலைத் திறவுங்கள். வீட்டுத் தொழிலைச் சொல்லக் கூசி நிற்கும் பிள்ளை, அன்று வகுப்புக்குப் பாடம் சொல்லும் இடத்தில் நிற்கும். வத்திராயிருப்பிலிருந்து ஒருவர் புறப்பட்டது போல மரக்காணத்திலிருந்தும் ஒருவர் புறப்படத் தடையேதும் இல்லை. கேள்வி கேட்கும் ஒரு வகுப்பறை அவருக்குக் கிடைத்தால் போதும்.

நாளை காலை உப்பளத்தைப் பார்க்கப் போகிறோம். ஆளுக்கொரு கைலென்ஸும் ஒரு சிறு டப்பாவும் எடுத்து வாருங்கள். கேட்டுப் பெற்று ஒரு பிடி உப்பைப் பள்ளிக்குக் கொண்டு செல்லலாம். முதல் வகுப்பில் அதை மேசையில் கொட்டி, நான் உங்களிடம் கேட்ட கேள்வியை உங்கள் மாணவர்களிடம் கேளுங்கள்.