21 நாள் கணக்கு
(நம் சங்கத்தின் குடும்ப சந்திப்பில் பேசியது)



வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனுக்கும் கோழிக்குஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். எல்லாம் என் பேத்தியின் கோடை விடுமுறையால் வந்தது. முட்டையிலிருந்து குஞ்சு வருவதை நேரில் பார்க்க வேண்டும் என்றாள். வீட்டில் வைக்கும் சின்ன இன்குபேட்டர் ஒன்று வாங்கினோம்.

கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. அங்கே சேவல் கிடையாது, கரு கூடாது. அதனால் என் மைத்துனரின் கிராமத்திலிருந்து 12 நாட்டுக்கோழி முட்டைகள் வந்தன. "பொரித்தால் குஞ்சுகளை நீங்களே எடுத்துக்கொள்வீர்களா?" என்று அவரிடம் முதலிலேயே கேட்டேன். சரி என்றார். பிறகுதான் சுவிட்சைப் போட்டேன்.

வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 சதவீதத்துக்குச் சற்று மேல், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் போட்டு, 18ஆம் நாள் வரை தினம் மூன்று வேளை திருப்பி வைத்தோம். பேத்தி நோட்டில் எழுதுவாள், நான் இனிஷியல் போடுவேன்.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். ஒன்பதில் சிவப்பு நரம்புகள் ஓடின. மூன்று கூமுட்டை. பதினாறாம் நாள் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மூடியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை விட்டுவிட்டுப் போர்வையால் சுற்றி வைத்தேன். அடைக்கோழியும் இரை தின்ன எழுந்து போகத்தானே செய்கிறது என்று என் மனைவி தைரியம் சொன்னாள்.

இருபத்தோராம் நாள் ஆறு குஞ்சுகள் வெளியே வந்தன. ஏழாவது, ஓட்டில் விரிசல் விட்டதோடு நின்றுவிட்டது. "உரித்து விடு தாத்தா" என்று பேத்தி அழுதாள். அவசரப்பட்டு உரித்தால் உள்ளே ரத்தக் குழாய் கிழிந்துவிடும் என்று தடுத்தேன். மறுநாள் காலை அது அசையவில்லை. "நாம உதவி செஞ்சிருந்தா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை அவளே நோட்டை எடுத்துக் கணக்கை முடித்தாள். வரவு 12. கூமுட்டை 3, உள்ளேயே நின்றுபோனவை 2, குஞ்சுகள் 6. கடைசி வரியில், "வர முயற்சி செய்தது 1". கணக்கு சரியாக இருந்தது. இனிஷியல் போடத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

ஆறு குஞ்சுகளும் பல்பு எரியும் பெட்டியில் ஐந்து நாள் இருந்துவிட்டுக் கிராமத்துக்குப் போயின. அவற்றில் பாதி சேவலாகத்தான் இருக்கும். அதிகாலை நான்கு மணிக்குக் கூவும் சேவலை நம் குடியிருப்பு தாங்காது.

ஆசை உள்ளவர்கள் வாருங்கள், இன்குபேட்டரைத் தருகிறேன். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் கேட்பேன்: குஞ்சுகள் எங்கே போகும்? அதற்குப் பதிலோடு வாருங்கள்.