தன்ராஜ் பிள்ளைக்கு ஒரு வழியனுப்புரை

(கோத்தா திங்கி வட்டாரத் தோட்ட மக்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



மாலைப் பொழுதில் தோட்டத் திடலில் பந்தாடும் இளைஞர்களை மனத்திற்கொண்டு, இன்று ஹாக்கி வீரர் ஒருவரைப் பற்றிப் பேச முற்பட்டுள்ளோம். தன்ராஜ் பிள்ளையே அவர். 2004ஆம் ஆண்டில் அவர் அனைத்துலக ஆட்டத்திலிருந்து விலகினார். ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. எனினும், இரசிகர்களாகிய நாம் அவருக்குக் கூற வேண்டிய விடைமொழி இன்னும் மிச்சமிருக்கிறது. நன்றி கூறுவதற்குக் காலங்கடந்த வேளை என்று ஒன்று இல்லை.

தன்ராஜ் 1968ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், புனே நகரை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் படைக்கலத் தொழிற்சாலையின் திடலைப் பராமரிக்கும் ஊழியர். வறுமை வாட்டிய அவ்வீட்டில், ஐந்து ஆண்மக்களையும் ஹாக்கி ஆடுமாறு ஊக்கியவர் தாயார். புதிய மட்டை வாங்க வழியில்லை. ஒடிந்த மட்டையையும், பிறர் கழித்துப் போட்ட பந்தையும் கொண்டு, புழுதித் திடலிலேயே தன்ராஜ் ஆட்டம் பயின்றார். நம் லயங்களைப் போன்றதொரு தொழிலாளர் குடியிருப்பே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

அங்கிருந்து புறப்பட்ட இளைஞர் 1989இல் இந்திய அணியில் இடம்பெற்றார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 339 அனைத்துலக ஆட்டங்கள் ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு ஆசிய விளையாட்டு எனப் பங்கேற்றார். 1998இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்துக் கிட்டிய தங்கம் அது.

நம் மலேசிய மண்ணுக்கும் அவர் அந்நியர் அல்லர். பேங்க் சிம்பானான் நேஷனல், டெலிகோம் மலேசியா ஆகிய நம் நாட்டுக் குழுக்களுக்கு ஆடியவர். 2003இல் கோலாலம்பூரில் நடைபெற்ற ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில், அவர் தலைமையேற்ற இந்திய அணி பாகிஸ்தானை 4–2 என வென்றது. இந்தியா ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது அதுவே முதன்முறை.

வெற்றிகளை மட்டும் கூறி நிறுத்தினால் அவருக்கு நாம் நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம். பேங்காக் தங்கத்திற்குப் பின், தன்ராஜும் மூத்த ஆட்டக்காரர்கள் சிலரும் அணியில் சேர்க்கப்படவில்லை. ஓய்வு என்று காரணம் கூறப்பட்டது. ஆட்டக்காரர்களுக்குரிய ஊதியத்தையும் வசதியையும் அவர் வாய்திறந்து கேட்டதே காரணம் எனப் பலர் கருதினர். ஆயினும் அவர் மட்டையைக் கீழே வைத்துவிடவில்லை. மீண்டும் அணிக்குத் திரும்பினார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், போலந்துக்கு எதிரான ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரு கோல், அரையிறுதிக் கதவை இந்தியாவுக்கு அடைத்துவிட்டது. 2004இல் ஏதென்ஸ் நகரில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடமே. நான்கு ஒலிம்பிக் கண்ட அவ்வீரர், ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுமின்றி விடைபெற்றார்.

அப்படியாயின் அவர் உழைப்பு வீணா? இல்லை என்பதே நம் துணிபு. 1980க்குப் பின் இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் மீண்டும் கிட்டியது 2021இல், தோக்கியோவில்தான். இடைப்பட்ட வறண்ட காலத்தில் இரசிகர்களைத் திடலுக்கு இழுத்து வந்தவர்களுள் தன்ராஜ் முதன்மையானவர். தாம் நட்ட மரத்தில் தாமே பால் வெட்டும் பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நட்டவருக்கு அதனால் பெருமை குறைவதும் இல்லை.

நம் நாட்டிலும் இத்தகையோர் உண்டு. 1975இல் கோலாலம்பூர் உலகக் கிண்ணப் போட்டியில் ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசிய அணி நான்காம் இடம் பெற்றது. அரையிறுதியில் இந்தியாவிடம் 2–3 எனத் தோற்ற அவ்வணியை மூத்தோர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். 2010இலும் 2018இலும் ஆசிய விளையாட்டில் மலேசியா வெள்ளி வென்றபோது, கோல் காத்து நின்றவர் எஸ். குமார்.

அன்பர்களே, இவ்வுரையின் நோக்கம் இதுதான். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, முப்பது ஆண்டுகள் மரம் வெட்டிய ஒருவர், ஒரு நாள் உளியை ஒப்படைத்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறார். அவருக்குப் பதக்கம் இல்லை. செய்தித்தாளில் படமும் இல்லை. அன்று அவரை வாழ்த்தி நான்கு வார்த்தை கூறுவோர் யார்? அவருடன் உழைத்த நாமே கூற வேண்டும். அவருடைய சேமநிதிக் கணக்கு முறையாக இருக்கிறதா என்று பார்க்க, படித்த பிள்ளைகள் உதவ வேண்டும். மாலையுடன் இவ்வுதவியும் சேரும்போதுதான் வழியனுப்பு முழுமை பெறும்.

இளைஞர்களே, உங்கள் தோட்டத்தில் ஒருகாலத்தில் பந்தாடிய பெரியவர்களைத் திடலுக்கு அழைத்து வாருங்கள். ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் பெயரைச் சொல்லிக் கைதட்டுங்கள். அந்தக் கைதட்டலில் ஒன்றை நாம் தன்ராஜ் பிள்ளைக்கும் உரியதாக்குவோம்.

வீரரே, நன்றி, நலமுடன் வாழ்க!