மாங்காய்க்குள் ஒரு மேன்

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தம் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொன்னார். "மேன்ங்கிற இங்கிலீஷ் வார்த்தை எங்கேயிருந்து வந்தது தெரியுமா சார்? நம்ம மண்ணிலேருந்துதான். மண்ணுல பொறந்து மண்ணுக்கே போறவன், அதான் மேன்." பாயசம் வருகிற நேரம். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் எம், ஏ, என் என்ற அந்த மூன்று எழுத்தும் வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டன.

அகராதியைப் புரட்டினால் வேடிக்கை. மண்ணில் பிறந்த ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது மேன் அல்ல, ஹ்யூமன். லத்தீனில் ஹ்யூமஸ் என்றால் மண். மனிதனைக் குறிக்கும் ஹோமோவும் ஹ்யூமனும் அந்த வேரைச் சேர்ந்தவை. ஹ்யூமனை வெட்ட வேண்டிய இடம் ஹ்யூம் என்பதற்குப் பிறகு. அதாவது மண் முன்பாதியில் இருக்கிறது, நண்பர் பின்பாதியில் தோண்டினார். மேன் என்பதோ ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். மனு, மனுஷ்ய என்ற வடசொற்களுக்குத் தூரத்து உறவு. மனிதன் என்ற நம் சொல்லும் அந்த வடமொழி வழியில் வந்ததுதான். அவர் மண்ணை விட்டுவிட்டு மனிதனைப் பிடித்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியிருப்பார்.

சொல்லின் பிறப்பைத் தேடும் இந்தக் கலையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். இதில் முதலில் ஏமாற்றுவது எழுத்துதான். வானொலியில் ஒரு சௌகரியம், உங்களுக்கு எழுத்து தெரியாது, ஓசை மட்டும்தான். ஆனாலும் கையில் காகிதம் இருந்தால் இந்த மூன்று எழுத்தை எழுதிக்கொண்டு கேளுங்கள்.

வுமன் என்ற சொல்லில் இருக்கும் மேன் உண்மையான மேன்தான். ஆனால் ஆண் அல்ல. பழைய ஆங்கிலத்தில் மேன் என்றால் ஆணோ பெண்ணோ, ஓர் ஆள். ஆணுக்கு வெர் என்று தனிச்சொல், பெண்ணுக்கு வீஃப். வீஃப்மன் என்றால் பெண்ணாகிய ஆள். அதுதான் தேய்ந்து விம்மன் ஆகி, வுமன் ஆனது. பன்மையில் இன்றும் விமன் என்றுதான் வாய் சொல்கிறது, பழைய ஓசை அங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது. வீஃப் தனியாக நின்று வைஃப் ஆனது. முதலில் வெறும் பெண், பிறகு மனைவி. நம்முடைய பெண்டுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டே. பாவம் வெர் மட்டும் செத்துப்போனது. வேர்வுல்ஃப் என்ற ஓநாய் மனிதனின் தலையில்தான் அதன் மிச்சம் இருக்கிறது.

அடுத்து வருவது பெரிய கூட்டம், கையின் கூட்டம். லத்தீனில் மானுஸ் என்றால் கை. மேனுவல் என்பதைக் கையேடு என்று தமிழில் சொன்னவர் யாரோ, வேரையே பிடித்துவிட்டார். மேனுஸ்கிரிப்ட் கையெழுத்துப்படி. மேனேஜ் என்பது இத்தாலியில் குதிரையைக் கையால் பழக்கும் வேலையாக இருந்தது. நாமும் நிர்வாகத்தைக் கையாளுதல் என்கிறோம். இந்தக் குதிரைச் சங்கதி தெரிந்த நாளிலிருந்து மேனேஜர்களைப் பார்க்கும்போது எனக்குச் சவுக்கு நினைவுக்கு வருகிறது. மேனுஃபேக்சர் என்றால் நேர்ப்பொருள் கையால் செய்வது. இன்று கை படாமல் செய்ததுதான் அதன் பெருமை.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவை இரட்டைப் பிள்ளைகள். பிரெஞ்சில் கையால் வேலை செய்வதைக் குறித்த ஒரு சொல் இருந்தது. அது ஒரு முறை ஆங்கிலத்துக்கு வந்தபோது நிலத்தைக் கையால் உழைத்துப் பண்படுத்துவது என்ற பொருளில் வந்தது. பண்படுத்த எரு போடுகிறோம், ஆகவே கடைசியில் எருவுக்கே பெயராகிவிட்டது. அதுதான் மனூர். அதே சொல் வெகுநாள் கழித்து மறுபடி வந்தபோது படையணிகளின் உத்தியாக, மனூவர் என்ற மிடுக்கோடு வந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று சாணிக்கூடை தூக்குகிறது, மற்றது வாள் ஏந்துகிறது.

வேண்டாதவர்களை விரைவாக அனுப்பிவிடுகிறேன். டாலிஸ்மன் கிரேக்கத்தில் தொடங்கி அரபு வழியாக வந்தது. ஆட்டோமன் உஸ்மான் என்ற பெயரின் திரிபு. இரண்டிலும் மேன் இல்லை. பன்மையில் மென் ஆகாமல் எஸ் போட்டுக்கொள்வதே அதற்குச் சாட்சி. சாட்சியை முழுக்க நம்பிவிடவும் முடியாது. நார்மன் என்பவன் அசல் வடக்கத்தி மனிதன், அவனும் பன்மையில் நார்மன்ஸ்தான்.

மேன்டிஸ் என்றால் கிரேக்கத்தில் தீர்க்கதரிசி. கால்களைக் கூப்பி நிற்கும் பூச்சிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். நாம் கும்பிடுபூச்சி என்கிறோம். மந்திரத்தை ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே மூன்று எழுத்துதான் முன்னால் வரும். இரண்டுக்கும் நினைத்தல் என்ற ஒரே பழைய வேர். அந்த மந்திரத்தோடு பிறந்தவர் மந்திரி. மந்திரி கடல் கடந்து மலாயில் மெந்தெரி ஆனார். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் காதில் அது விழுந்தது. அவர்கள் மொழியில் மாந்தார் என்றால் கட்டளையிடுதல், அதுவும் கையின் கூட்டத்தைச் சேர்ந்த சொல்தான். அந்த ஓசையின் நிழல் படிந்து மெந்தெரி மாந்தரிம் ஆகி, சீன அதிகாரிகளுக்குப் பெயராகி, அவர்கள் பேசிய மொழிக்கும் பெயராகியது. சீனர்கள் தங்கள் மொழியை மாண்டரின் என்று அழைப்பதில்லை. உலகம்தான் அதை மந்திரி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு என்ன திறமை வேண்டும்? கற்பனை வேண்டும்தான், அதைவிடப் பொறுமை வேண்டும். ஒரு சொல் எந்த ஆண்டில், எந்த ஏட்டில், எந்த வடிவத்தில் இருந்தது என்று ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். எயிட்டும் எட்டும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். காதுக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரம் ஆண்டு பின்னால் போனால் ஆங்கிலத்தில் அது அஹ்டா. ஜெர்மனில் ஆஹ்ட், லத்தீனில் ஆக்டோ, வடமொழியில் அஷ்ட. பின்னோக்கிப் போகப் போக எட்டிலிருந்து அது விலகிக்கொண்டே போகிறது. உறவு உண்மையானால் பின்னால் போகப் போக நெருங்கி வர வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்தால் நம் மேடைகளில் பாதிச் சொல்லாராய்ச்சி உதிர்ந்துவிடும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மிஞ்சுகிற பாதியே போதுமானது.

மிஞ்சியதற்குச் சாட்சி சொல்ல ஒரு புத்தகம் உண்டு. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், ஹென்றி யூல் என்பவரோடு சேர்ந்து தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதி. வெளிவந்தது 1886இல், அதைப் பார்க்க பர்னெல் உயிரோடு இல்லை. மாண்டரினுக்குள் இருக்கும் மந்திரி அதில் இருக்கிறார். கோரமண்டலும் இருக்கிறது. அந்த எழுத்துகளுக்கு நடுவேயும் எம், ஏ, என் உண்டு, அது நம் சோழமண்டலம். அந்தப் பெயர் தாங்கிய ஒரு கப்பல் 1820இல் நியூசிலாந்துக்குப் போய்ச் சேர, அங்கே ஒரு தீபகற்பமே கோரமண்டல் ஆகிவிட்டது.

மேங்கோவையும் தமிழ் மாங்காய் என்றே அந்த அகராதி எழுதுகிறது. மலையாள மாங்காவிலிருந்து என்பாரும் உண்டு. எப்படியானாலும் காய்தான் போயிருக்கிறது, பழம் போகவில்லை. தேன் சொட்டும் மாம்பழத்தையும் ஆங்கிலேயன் மாங்காய் என்றே சொல்கிறான். அதற்கேற்றபடி இங்கிலாந்துக்கு அது முதலில் போய்ச் சேர்ந்ததும் ஊறுகாயாகத்தான். அதைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் வெள்ளரி, முலாம்பழம், பீச் பழத்தையெல்லாம் ஊறவைத்தார்கள். மேங்கோ என்பது ஊறுகாய் போடுவதற்கு வினைச்சொல்லே ஆகிவிட்டது. அது அட்லாண்டிக்கையும் தாண்டியது. மசாலா அடைத்து ஊறவைத்த குடைமிளகாய் அமெரிக்காவில் மேங்கோ ஆனது, பிறகு ஊறவைக்காத குடைமிளகாயும் மேங்கோ ஆனது. அந்த நாட்டின் நடுப்பகுதி ஊர்கள் சிலவற்றில் வயதான ஒருவர் தோட்டத்துக்குப் போய் இரண்டு மேங்கோ பறித்து வா என்று சொன்னால், கையில் வருவது குடைமிளகாய்தான்.