வாசல் செடிக்கும் கவாத்து வேண்டும்



மாமரத்துக்கும் மல்லிகைக்கும் கவாத்து செய்வது நமக்குப் புதிதல்ல. வாசல் செடிக்கு என்னங்க கவாத்து என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை பக்கம் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் பல. மகன் ஒரு காமிராவை வாங்கி மாட்டிவிட்டு, ஓசூரிலிருந்தே கைப்பேசியில் வாசலைப் பார்க்கிறான். திருடனைக் கண்டுபிடிக்க மட்டுமா அது? அப்பா படியில் வழுக்கி விழுந்தாலும் அவனுக்குத் தெரிய வேண்டும். அந்தப் படியைச் செம்பருத்திக் கிளை மறைத்துவிட்டால், காமிரா இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பகலில் படம் நன்றாகத் தெரிகிறதே என்று இருந்துவிடக் கூடாது. இரவில் காமிரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசித்தான் பார்க்கிறது. பச்சை இலை அந்த ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோள் நம் பயிர்ப் பரப்பைக் கணிப்பதற்கும் இலையின் இந்தக் குணமே உதவுகிறது. ஆனால் காமிராவுக்கு அருகே ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால், இலை மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். பின்னால் வாசல் இருட்டாகிவிடும்.

இன்னொன்று, காற்றில் கிளை ஆடும்போதெல்லாம் ஆள் நடமாட்டம் என்று எண்ணிக் காமிரா படம் பிடிக்கும். கைப்பேசியில் மணி அடிக்கும். "புலி வருது, புலி வருது" கதைதான். நாளடைவில் மகன் அதைக் கவனிக்காமலே விட்டுவிடுவான். நினைவு அட்டையும் வீணாக நிரம்பி, பழைய பதிவுகள் அழிந்துபோகும்.

அப்படியானால் செடியையே வெட்டி எறியலாமா? வேண்டாம். பூஜைக்குப் பூ வேண்டும், வாசலுக்கு அழகும் வேண்டும். அளவோடு வைத்தால் போதும். செடி இரண்டரை அடிக்கு மேல் போகாமலும், மரக்கிளை ஏழு அடிக்குக் கீழே தொங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் ஒளிய இடமிருக்காது. பாம்பு அண்டினாலும் கண்ணில் படும். இங்கிலாந்தில் 1285-லேயே முதலாம் எட்வர்ட் மன்னர், கொள்ளையர் பதுங்காதபடி சந்தை ஊர்களுக்கு இடையேயுள்ள சாலைகளின் இருபுறமும் 200 அடிக்குப் புதர்களை அகற்றச் சட்டம் செய்தார். நமக்கு வாசல் அளவு போதும்.

செம்பருத்தியும் காகிதப்பூவும் புதுத் துளிரில் பூப்பவை. வெட்டினால் பூ குறையுமோ என்ற பயம் வேண்டாம்; சில வாரம் பொறுத்தால் நிறையவே பூக்கும். இட்லிப்பூவை ஒரு பூப்பு முடிந்ததும் வெட்டுங்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டலாம். மற்ற செடிகளில் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கூரான கத்தரியால், கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். தடித்த கிளையானால் வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்.

அரளி வெட்டும்போது எச்சரிக்கை தேவை. கழித்த இலையை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடக் கூடாது. எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு. வெட்டிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மின்கம்பி அருகே போகும் கிளையை நீங்களே தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

ஆடி முதல் ஐப்பசி வரை மழையில் செடி மளமளவென்று வளரும். அந்த மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையும், மற்ற நாளில் மாதம் ஒரு தடவையும் பார்த்தால் போதும். வெட்டிய அன்று இரவே மகனுக்குப் போன் போட்டு, "படி தெரியுதாப்பா, கேட்டு தெரியுதா?" என்று கேளுங்கள். காமிரா முகத்திலுள்ள சிலந்தி வலையையும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். அது பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்க்காமல் நம் வாசலையே பார்க்கும்படி திருப்பி வைப்பதும் நம் கடமை.