கோட்டை வாசலும் நம் வாசலும்

(நம் பங்கின் பொன்விழா மாலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"நீங்கள் சரித்திர வாத்தியார். விழாவில் சரித்திரமே பேசுங்கள்" என்று பங்குத் தந்தை அவர்கள் சொல்லிவிட்டார்கள். எதைப் பேசுவது என்று யோசித்துக்கொண்டே ஆலயத்துக்கு வந்தேன். வளாகத்தில் செங்கல் இறங்கிக் கிடந்தது. பொன்விழா நினைவாகச் சுற்றுச்சுவர் எழுப்பப் போகிறோம் அல்லவா? அந்தச் செங்கலைப் பார்த்ததும் எனக்குப் புதுச்சேரிக் கோட்டை நினைவுக்கு வந்தது. பேச வேண்டியது எது என்பதும் விளங்கிவிட்டது.

"புதுச்சேரி எங்கே, தருமபுரி எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நம் தருமபுரி மறைமாவட்டம் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. சேலம் 1930-ல் புதுச்சேரி, கும்பகோணம் மறைமாவட்டங்களிலிருந்து பிரிந்தது. ஆகவே புதுச்சேரி நமக்குப் பாட்டி வீடு. ஆனால் நான் சொல்ல வந்த உறவு அதைவிடப் பழையது. 1760-ல் அந்த நகரம் பசியால் துடித்தபோது, அதற்குச் சோறு போக வேண்டிய வழி நம் பாராமகால் சீமையாக இருந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1756 முதல் 1763 வரை ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர். அங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டால் இங்கே நம் வயல்களில் குண்டு விழும். 1758-ல் லாலி என்ற தளபதி பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். வந்த வேகத்தில் கடலூரில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அந்த ஆண்டு இறுதியில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேரவே, முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். பிரெஞ்சுக் கப்பற்படையும் அந்த ஆண்டே மொரீசியசு தீவுக்குப் போய்விட்டது. அது திரும்பி வரவேயில்லை.

1760 ஜனவரி 22-ஆம் நாள் வந்தவாசியில் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். ஏப்ரலில் காரைக்காலும் விழுந்தது. கடலில் ஆங்கிலக் கப்பல்கள், தரையில் கூட்டின் படை. புதுச்சேரி நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

இந்த இடத்தில்தான் நம் ஊர் வருகிறது. லாலி மைசூரின் ஐதர் அலியிடம் உதவி கேட்டார். படையும் தானியமும் மாடும் தந்தால் தியாகதுருக்கம் கோட்டையைத் தருவதாக உடன்படிக்கை ஆயிற்று. ஐதர் தம் மைத்துனர் மக்தூம் அலியை அனுப்பினார். மக்தூம் அலி பாராமகாலைக் கைப்பற்றிக்கொண்டு கீழே இறங்கினார். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை என்று நீங்கள் புதுவைக்குப் பேருந்தில் போயிருப்பீர்கள். அந்தச் செங்கம் கணவாய்தான் அன்றும் நம் சீமையிலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் வாசல். ஜூலை மாதம் திருவதிகை அருகே மைசூர்ப் படை ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றை முறியடித்தது. புதுச்சேரிக்குக் கொஞ்சம் தானியமும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஆகஸ்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காண்டே ராவ் ஐதரை எதிர்த்து எழுந்தார். ஐதர் உயிர் பிழைத்துப் பெங்களூருக்கு ஓடினார். மக்தூம் அலிக்கு உடனே திரும்பி வரும்படி ஆணை போயிற்று. திரும்பிய படையை மராட்டியர் அஞ்செட்டியில் வளைத்துக்கொண்டனர். நம் பழைய தருமபுரி மாவட்டத்து அஞ்செட்டிதான். 2004 முதல் அது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. முற்றுகையிலிருந்து ஒரு நகரத்தை மீட்கப் போன படை, தானே முற்றுகையில் அகப்பட்டுக்கொண்டது! மராட்டியரைத் திருப்பி அனுப்ப ஐதர் பணமும் தந்தார், பாராமகாலையும் தருவதாக வாக்களித்தார். இங்கே கேழ்வரகு விதைத்துக்கொண்டிருந்த நம் முன்னோரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செப்டம்பரில் கூட் நெருங்கி வந்தார். புதுச்சேரியின் மதிலுக்கு வெளியே, நகரை வளைத்துக் கள்ளியும் முள்ளும் அடர்ந்த வேலி ஒன்று வளர்த்திருந்தார்கள். அந்த வேலி ஆங்கிலேயர் வசமாயிற்று. மதிலுக்குள் பிரெஞ்சுக்காரர், வேலியில் ஆங்கிலேயர். இடையில் வெறும் நிலம்.

அன்பர்களே, அந்த வெறும் நிலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நகருக்குள் தானியம் குறைந்துகொண்டே வந்தது. நவம்பர் 27-ஆம் நாள் லாலி ஓர் ஆணை பிறப்பித்தார். ஐரோப்பியருக்கு வேலை செய்யும் சிலரைத் தவிர, நகரில் எஞ்சியிருந்த நம் மக்கள் அனைவரும் வெளியேற வேண்டும். ஆண், பெண், குழந்தை, கிழவர் என்று 1400 பேர் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். கதவு மூடப்பட்டது.

அவர்கள் வேலியை நோக்கி நடந்தார்கள். அங்கே ஆங்கிலேயரின் சிப்பாய்கள் வழிவிடவில்லை. இவர்கள் உள்ளே இருந்தால்தானே பிரெஞ்சுக்காரரின் அரிசி சீக்கிரம் தீரும்? திரும்பிக் கோட்டைக்கு வந்தார்கள். அங்கேயும் கதவு திறக்கவில்லை. மீறி நுழைய முயன்ற சிலர் உயிரிழந்தனர். எட்டு நாள் அந்த வெறும் நிலத்தில் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். கடைசியில் கூட் மனமிரங்கி வழிவிட்டார். இதை ராபர்ட் ஓர்ம் என்ற அக்காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அவர் எண்ணிக்கையைத் தந்தார், பெயர்களைத் தரவில்லை.

நான் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "சார், அவர்கள் யார் பக்கம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் யார் பக்கமும் இல்லை, அவர்கள் பக்கமும் யாரும் இல்லை.

இத்தனை பேரை வெளியே தள்ளியதால் நகரம் பிழைத்ததா? இல்லை. டிசம்பரில் பீரங்கிகள் முழங்கின. 1761 புத்தாண்டு பிறந்த இரவில் பெரும் புயல் அடித்தது. ஆங்கிலக் கப்பல்கள் பல நொறுங்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லாலி, பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சு அதிகாரிக்கு உடனே படகில் அரிசி அனுப்பும்படி கடிதம் எழுதினார். அந்தக் கடிதமும் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. சில நாளில் வேறு கப்பல்கள் வந்து துறைமுகத்தை மீண்டும் அடைத்தன. நகருக்குள் நாயும் பூனையும்கூட உணவாயின. ஜனவரி 16 காலையில் வில்லியனூர் வாசல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த ஜனவரியிலேயே, 1736 முதல் புதுச்சேரி வாழ்வை நாட்குறிப்பாக எழுதிவந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையும் கண்மூடினார்.

பிறகு ஆங்கிலேயர் கடலூருக்குப் பழி தீர்த்தார்கள். மதில், மாளிகை, வீடு எல்லாம் தரைமட்டமாயின. நம்மவர் 'சம்பா கோவில்' என்று சொல்லும் ஆலயமும் தப்பவில்லை. இப்போதுள்ள பேராலயம் 1791-ல் கட்டி முடிந்தது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1748-ல் ஆங்கிலேயர் முதன்முறை முற்றுகையிட்டபோது, நம் ஆலயத்துக்குப் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோவிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள். சேசு சபைக் குருக்கள் சிலர் அதில் முன்னின்றார்கள் என்று பிள்ளை வேதனையோடு எழுதியிருக்கிறார். பதின்மூன்று ஆண்டு கழித்து நம் ஆலயமும் இடிந்தது. சண்டைக் காலத்தில் பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரிப்பவன் தன் கூரை நிலைக்கும் என்று நம்பக்கூடாது.

1763-ல் பாரிசில் சமாதானம் ஆயிற்று. 1765-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கே திரும்பக் கிடைத்தது. 1766-ல் லாலியை அவருடைய அரசே கொன்றது. அப்படியானால் இத்தனை பேர் பட்ட பாடு எதற்கு?

பெரியோர்களே, நான் சுற்றுச்சுவருக்கு எதிரி அல்ல. ஆடு மாடு புகாமல் இருக்க, பள்ளிப் பிள்ளைகள் சாலைக்கு ஓடாமல் இருக்க, சுவர் வேண்டியதுதான். ஆனால் வளாகத்துக் குழாயில் தெற்குத் தெரு மக்கள் இத்தனை ஆண்டும் தண்ணீர் பிடிக்கிறார்கள். அவர்களில் பலர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். சுவர் வரைபடத்தில் முன்வாசல் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் இரவில் பூட்டுவதாகப் பேச்சு. நம் ஊரில் குழாயில் தண்ணீர் எந்நேரம் வரும் என்று யாருக்குத் தெரியும்? சித்திரையில் நள்ளிரவில்தானே குடத்தோடு நிற்கிறோம்?

ஆகையால் என் விண்ணப்பம் ஒன்றே. தெற்குப் பக்கம் ஒரு சின்னக் கதவு வையுங்கள். அதற்குப் பூட்டு வேண்டாம். அதற்கு ஆகும் செலவில் என் ஓய்வூதியத்திலிருந்து இயன்றதைத் தருகிறேன்.

புதுச்சேரியின் மதில் ஜனவரியில் விழுந்தது என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். நவம்பர் 27 அன்று, 1400 பேருக்குப் பின்னால் கதவு மூடப்பட்டபோதே அது விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். நம் சுவர் அப்படி விழாதிருக்கட்டும்.